நோய்ப்படாத இதயம்

என் கணினி இதயம் பதினொரு நாட்களாக நோய்ப்பட மறுக்கிறது. துடிப்பு தடுமாறி ஓயாமல் சுழல்வதை நாளை மாலை வகுப்பில் நான் காட்டியாக வேண்டும். ஆனால் திரையில் வளையமாக அடுக்கிய இதயச் செல்களில் மின் அலை இருபுறமும் ஓடி, எதிர்ப்பக்கத்தில் தன்னோடு தானே மோதி அணைந்துவிடுகிறது. ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை சரிபார்த்தேன். தவறு என்னிடம்தான் இருக்கும். "விடுடி, நாமளே செல்லா நின்னு பாத்துடலாம்" என்றாள் தோழி ஜெசிந்தா. வகுப்பே சிரித்துக்கொண்டு வட்டமாக நின்றது, பதினான்கு பேர். விதி எளிது: பக்கத்தில் இருப்பவர் கையைத் தூக்கினால் நீயும் தூக்கு, பிறகு மூன்று எண்ணும்வரை ஓய்வு. ஜெசிந்தா தொடங்கினாள்; அலை அவளிடமிருந்து இருபுறமும் ஓடியது. ஒரு பக்கம் போன அலை, கையில் டீயோடு நின்ற வகுப்புத் தோழன் எழிலனிடம் நின்றுபோனது. "டேய், தூக்குடா!" என்றாள். "டீ இருக்குல்ல, கொட்டிரும்!" அவன் டம்ளரைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் மறுபக்க அலை சுற்றிக்கொண்டு அவனிடம் வந்துவிட்டது. இப்போது தூக்கினான். அவனை அடுத்தவர்கள் ஓய்வு முடித்திருந்தார்கள், அவர்களும் தூக்கினார்கள். அலை ஜெசிந்தாவைக் கடந்து மீண்டும் சுற்றியது, மீண்டும். மோதி அணைக்க எதிரே இன்னொரு அலை இல்லை. என் செல்கள் அத்தனைக்கும் ஒரே அளவு ஓய்வைக் கொடுத்தவள் நான்தான். ஓடிப்போய், ஒரு செல் மட்டும் எழிலனைப் போல அதிகம் ஓய்ந்திருக்க, ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். "நிறுத்துங்கப்பா, கை வலிக்குது!" என்று ஒருவர் கத்தினார், கத்தியவரின் கையும் மேலே போனது. அலை என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. இந்த ஒரு சுற்று மட்டும் என்று சொல்லிக்கொண்டு கையைத் தூக்கினேன்.