ஏழாவது ரேக்கின் விசிறி

சூப்பர் கம்ப்யூட்டர் பயனர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடும் மாநாட்டில், நிறுத்தப்பட்டுவிட்ட பழைய இயந்திரத்தின் நினைவாக, பதிவு செய்து வைத்திருந்த அதன் இரைச்சலை அரங்கம் முழுக்க ஒலிக்க விட்டார்கள். வரிசையாக நிற்கும் ரேக் அடுக்குகளில் ஆயிரம் விசிறிகள் ஒன்றாகச் சுழலும் அந்தப் பேரிரைச்சலுக்குள்தான் ஜெசிந்தாவும் வேதமுத்துவும் வேலை பார்த்தார்கள். அங்கே எதைச் சொல்வதென்றாலும் காதருகே வாயை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கேபிள் கழன்றதை வேதமுத்து அப்படித்தான் சொன்னார். என்னைக் கட்டிக்கிறியா என்றும் அப்படித்தான் கேட்டார். பிறகு வந்த புது இயந்திரம் தண்ணீரில் குளிர்வது. சத்தமே கிடையாது, எட்டி நின்றே பேசலாம். வீட்டிலும் எட்டி எட்டி நின்று பேசி, அந்தப் பேச்சும் நின்றுபோய், இப்போது ஜெசிந்தா அவரைப் பிரிந்து தனியாக இருக்கிறாள்.

இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி போட்ட புண்ணியவான் யாரோ. வந்ததிலிருந்து மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரைச்சல் எழுந்ததும் அவள் தலை தானாக அவர் பக்கம் சாய்ந்தது. அவரும் குனிந்துவிட்டார்.

"ஏழாவது ரேக்ல ஒரு விசிறி முனகுது பாரு" என்றார், இப்போதே போய் மாற்றிவிடலாம் என்பதுபோல.

அந்த நொடியில் பதிவு முடிந்தது. அரங்கமே அமைதியாகிவிட்டது. யாரோ இருமினார்கள். வேதமுத்து கூச்சத்தோடு நிமிரப் போனார்.

ஜெசிந்தா தலையை எடுக்கவில்லை. காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, "ஒண்ணுமே கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.