பின்னோக்கிப் போகும் நீராவிப் படகு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் பூங்காக் குளத்தில் மினுங்குகிறது. பெட்டியில் துண்டு துண்டாக வந்ததை நானே பொருத்திச் செய்த முழ நீளத் துடுப்புச் சக்கரப் படகு, பித்தளைக் கொதிகலன் சீற, பின்னோக்கிப் போகிறது. நீராவி நுழையும் குழாயையும் வெளியேறும் குழாயையும் மாற்றி மாட்டிவிட்டேன். அன்னங்கள் தலை தாழ்த்தி வழிவிடுகின்றன. மாதிரிப் படகுச் சங்கமே கரையில் நிற்கிறது. “என்னய்யா ஆர்னல்ட், ராணிக்கு முதுகு காட்டாம விடைபெறுற மாதிரி பின்னாலயே நடந்து போகுது!” என்கிறார் செயலாளர் ஹம்ஃப்ரி. சிரிப்பு குளத்தைச் சுற்றிவந்து என் காதிலேயே இறங்குகிறது. தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொள்கிறேன். மனைவி டோரீன் தேநீரை நீட்டுகிறாள். “குடிங்க. யாரும் பாக்கல.” எல்லோரும் பார்க்கிறார்கள், அன்னங்கள் உட்பட. டோரீன் பரிசளித்த அதே படகுப் பெட்டி, கட்டிய நாடாகூட அவிழாமல், இன்னும் வீட்டு அலமாரிமேல்தான் இருக்கிறது.