வெள்ளைத் தோலும் வெல்லக் கட்டியும்
ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் கூடத்தில், காலை பதினோரு மணிக்கு ஜெபமணியின் மெஷின் மட்டும் நிற்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் பளிச்சிடும் வெள்ளைத் தோலின்மேல் அவள் விரல்கள் நடுங்குகின்றன. கழுத்தில் வேர்வை வழிகிறது. தோலில் கறை படியும் என்று இங்கே எதையும் தின்னக் கூடாது. அவளோ இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கிறாள். வலது கை தோலைப் பிடித்திருக்க, இடது கை வெல்லக் கட்டியை வாயில் போடுகிறது. சூப்பர்வைசர் சூரியபிரகாஷ் வேகமாக வருகிறான். “இன்னாக்கா, சுகர்னு சொல்ற, வெல்லம் துன்ற?” “காலைல போட்ட மாத்திரை சுகரை ஒரேயடியா எறக்கிடுது சார். இப்டி எறக்காத மாத்திரையும் இருக்குதாம். அதை வாங்கினா பாதி சம்பளம் போய்டும்.” “அதுக்கு? பாத்ரூம் போய் துன்னுட்டு வா. தோல்ல கறை பட்டுடும்.” “துன்றதுக்கு எதுக்கு சார் அங்க போகணும்? இந்தக் கையோட தச்சா ஊசி ஏறி ரத்தம்தான் படும்.” பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. அவன் குனிந்து வெள்ளைத் தோலில் கறை தேடுகிறான். ஒரு பொட்டுகூட இல்லை. ஜெபமணி மிதியில் இன்னும் கால் வைக்கவில்லை. இரண்டாவது கட்டியை எடுத்து, அமைதியான அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி நறுக்கென்று கடிக்கிறாள்.