தண்ணீருக்குச் சொந்தமான தளம்

ஏரிக்குள் கட்டிய அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளம் தண்ணீருக்குச் சொந்தம். மாநகராட்சி விதி அது. மனிதர் யாராவது அங்கே குடியிருப்பது தெரிந்தால் மொத்தக் கட்டடத்துக்கும் சீல் வைத்துவிடுவார்கள். ஆகவே காவலாளி ஏகாம்பரமும் அவர் மனைவி செவந்தியும் மாதாமாதம் வாடகை கொடுத்து, அங்கே குடியிருக்காமல் இருந்தார்கள். மாநகராட்சி ஆள் வந்தால் உள்ளறையில் தாழ் போட்டுக்கொண்டு மூச்சுக் காட்டக் கூடாது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோதண்டராமனின் உத்தரவு.

வெள்ளம் வந்தபோது செவந்தி மூன்றாவது மாடியில் செயலாளர் வீட்டுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். தரைத்தளத்தில் யாராவது உண்டா என்று மாநகராட்சி மீட்புப் படகு ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே வந்தது. பதில் வரவில்லை. படகு போய்விட்டது.

தண்ணீர் வடிந்ததும் மாநகராட்சி ஆய்வாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"இந்த கேஸ் அடுப்பு?"

"வெள்ளத்துல அடிச்சிட்டு வந்தது சார்," என்றார் செயலாளர்.

கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிய புடவையும் வெள்ளத்தில் வந்ததுதானாம். ஆய்வாளர் கூச்சமே இல்லாமல் எல்லாவற்றையும் கையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியில் அப்படியே சொல்லிப் பதிந்தார்.

உள்ளறைக் கதவு திறக்கவில்லை. கடப்பாரையால் நெம்பியதும் தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. உள்ளே ஏகாம்பரம் ஊறி உப்பிக் கிடந்தார்.

செயலாளர் வாயைத் திறப்பதற்குள் ஆய்வாளரே கருவியில் சொல்லிவிட்டார்: "அடையாளம் தெரியாத ஆண் சடலம். வெள்ளத்தில் அடித்து வரப்பட்டது."

பின்னாலேயே இறங்கி வந்திருந்த செவந்தி சேற்றிலிருந்து தாழ்ப்பாளைப் பொறுக்கி ஆய்வாளர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உள்பக்கம் போட்டிருந்துச்சே சார். இதையும் தண்ணிதான் போட்டுச்சா?"

ஆய்வாளர் கருவியை அணைத்தார். செயலாளர் பக்கம் திரும்பி, கை கழுவக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.