பாலத்துக்கு அங்கால

விடியலில் சுபஹ் தொழுத கையோடு ஸஹீத் நடைச் சப்பாத்தை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டினார். மனைவி நஸ்லா, புதிதாக வாங்கிய பெரிய தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

“இண்டைக்கும் நல்லா நடந்துட்டு வாங்க.”

“பின்ன? உம்றாவுக்குத்தானே பழகிறன்,” என்றார் ஸஹீத், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

மக்காவுக்கு உம்றாப் பயணம் போவது, கல்யாணமான நாளிலிருந்து நஸ்லா நெஞ்சில் வைத்திருந்த ஆசை. ஆனால் ஸஹீதுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. சாய்ந்தமருதில் ஹாட்வெயார் கடைக் கதிரையில் இருந்து இருந்து வயிறும் முன்னே போய்விட்டது.

உம்றாக் குழுவைக் கூட்டிப்போகும் பக்கீர் முகைதீன் மௌலவி கண்டிப்பானவர். கஃபாவைச் சுற்றவும் ஸபா மர்வாக் குன்றுகளுக்கு இடையே நடக்கவும் காலில் பலம் வேண்டும் என்றார். புறப்படும் முன் எல்லோரும் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை கடற்கரை மணலில் நடந்து காட்ட வேண்டும், இடையில் குந்துகிறவர் அடுத்த குழுவில்தான் வரலாம். ஸஹீத் போகாமல் நின்றால் நஸ்லாவும் போகாமல் நிற்க வேண்டியதுதான்.

ஊருக்குள் நடந்தால் ஸஹீத் தேநீர்க் கடைக்குத் தேநீர்க் கடை கதைக்க இருந்துவிடுவார். அதனால் மோட்டார் சைக்கிளில் மாவடிப்பள்ளிப் பாலம் வரை போய், அங்கிருந்து ஆற்றங்கரையில் நடப்பது என்று நஸ்லா ஏற்பாடு செய்திருந்தார். ஆற்றைக் காட்டிவிட்டு மீனைப் பார்க்காதே என்றால் யாரால் முடியும்? ஸஹீத் முதல் நாளே ஒரு தூண்டிலை வாங்கிப் பாலத்தடியில் ஒளித்துவிட்டார்.

இதற்கு ஒரே சாட்சி, பாலத்தடியில் வலை வீசும் அபூசாலி. படுகிற மீனைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து சாய்ந்தமருதுத் தெருக்களில் விற்பவன் அவன்தான், நஸ்லா மீன் வாங்குவதும் அவனிடம்தான். அவன் வாயை அடைக்க, தூண்டிலில் படுவதையெல்லாம் அவனுக்கே கொடுத்துவிடுவதாக ஸஹீத் வாக்குக் கொடுத்தார். தான் பிடித்த மீனைத் தானே காசு கொடுத்து வாங்கித் தின்கிற மனிதர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். பகல் சாப்பாட்டில், ஆற்று மீனின் ருசியே தனி என்று பாராட்டவும் செய்வார்.

தொடக்கத்தில் பாலத்தடியிலேயே மீன் நன்றாகக் கொத்தியது. பிறகு ஒரு காலை அபூசாலி தலையை ஆட்டினான்.

“இஞ்ச மீன் இல்ல காக்கா. அந்தா தெரியிற மருத மரத்துக்கு அங்கால போய்ப் போடுங்க.”

ஸஹீத் போனார். கொஞ்ச நாளில் மீன் மருத மரத்தையும் விட்டு மதகுக்கு அங்கால போய்விட்டது என்றான். அதன் பிறகு ஆற்று வளைவுக்கும் அங்கால. ஸஹீத் வரம்பு ஏறி இறங்கி, சேற்றில் கால் புதைய, புல்லை விலக்கிக்கொண்டு மீனுக்குப் பின்னால் போனார்.

அபூசாலி மட்டும் பாலத்தடியை விட்டு அசையவில்லை. அது ஏன் என்று கேட்டதற்கு, அது வலையில் படுகிற மீன், தூண்டிலில் கொத்தாது என்றான். ஸஹீத் அதையும் நம்பினார். முதலிலெல்லாம், நடந்ததற்குச் சாட்சியாகச் சப்பாத்தில் சேறு பூசிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். இப்போது அந்தச் சிரமமும் இல்லை.

கடைசியில் மௌலவியின் பரீட்சை நாள் வந்தது. காலையில் ஸஹீத் கடற்கரையில் கூட்டத்தோடு போய் நின்றார். சோற்றில் மறைத்த பூசணிக்காய் இன்று ஊருக்கு முன்னால் வெளியே வரப்போகிறது. வெட்கம் ஒரு பக்கம் கிடக்கட்டும். உம்றாவுக்கென்று நஸ்லா புது அபாயா தைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். அவருடைய ஆசையைத் தானே கெடுத்துவிட்டோமே என்று நினைத்தபடி சப்பாத்துக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினார்.

நடை தொடங்கியது. கல்முனை தாண்டும் முன்னே இரண்டு பேர் தோணி நிழலில் குந்திவிட்டார்கள். தனக்கு எப்போது மூச்சு வாங்கப்போகிறது என்று பார்த்துக்கொண்டே ஸஹீத் நடந்தார். மூச்சு வாங்கவில்லை. மருதமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு முன்னால் மௌலவி மட்டும்தான் நின்றார், அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவரை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மௌலவி ஸஹீதின் தோளில் தட்டினார். அந்தப் பாராட்டைத்தான் ஸஹீதால் தாங்க முடியவில்லை. பின்னால் மற்றப் பெண்களோடு நஸ்லா வந்து சேர்ந்ததும், அவரைத் தோணிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார்.

“நஸ்லா, என்ன மன்னிச்சிரு. நான் ஒரு நாளும் நடக்கப் போகல்ல. தூண்டில் போடத்தான் போனன்.”

நஸ்லா பிளாஸ்கைத் திறந்து பிளேன்டீ ஊற்றினார்.

“தெரியும். மொத நாளே ஒங்கட சேட்டில மீன் செதில் ஒட்டிக் கிடந்திச்சி.”

“அப்ப ஏன் ஏசல்ல?”

“ஏசியிருந்தா வீட்ட இருந்திருப்பீங்க.” நஸ்லா கோப்பையை அவர் கையில் கொடுத்தார். “மீன் அங்கால, அங்கால எண்டு அபூசாலியச் சொல்லச் சொன்னதே நான்தான்.”