முன்பக்கத்துப் பெயர்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு சாமானை வாங்கும்போது முன்பக்கத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் ஒருத்தருக்கும் கிடையாது. யோகலிங்கம் எதையும் கவிழ்த்துப் பார்க்கிற ஆள்.

மகள் தேனுஜாவைக் கட்டப்போகிற நிசாந், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜேர்மனியில், எசன் நகரத்தில் இருந்த அவருடைய வீட்டுக்கு வந்திருந்தான். மாமாவுக்கென்று ஆசையாக ஒரு கமராவும் வாங்கி வந்தான்.

கமராவின் நெற்றியில் வெள்ளி எழுத்தில் ‘ஹோல்ட்மான்’ என்று இருந்தது. ஜேர்மனிக்கு வந்த புதிதில், வாங்க வழியில்லாமல், கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று யோகலிங்கம் பார்த்துப் பார்த்து ஏங்கிய அதே பெயர்.

அவர் கமராவைக் கவிழ்த்தார். அடியில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“மாதாவே! இது சீனாச் சாமானெல்லோ!”

“இல்லை மாமா, ஒறிஜினல்தான்,” என்றான் நிசாந். “ஹோல்ட்மான் கொம்பனியை எப்பவோ மூடியாச்சு. இப்ப வெளிநாட்டுக்காரர் அந்தப் பேரை முறையா எழுதி வாங்கி, தாங்கள் செய்யிற கமராவில போடுகினம். சட்டப்படி சரிதான்.”

“செய்யிறது ஒருத்தன், பேர் இன்னொருத்தன்ரயோ? அதைக் களவு எண்டுதான் நாங்கள் சொல்லுறது.”

“படம் வடிவா வருது அப்பா. ஒருக்கா எடுத்துப் பாருங்கோவன்,” என்றாள் தேனுஜா.

“நீ சும்மா இரு. தம்பி, உது தெரிஞ்சு வாங்கினீரோ, தெரியாம வாங்கினீரோ?”

“தெரிஞ்சுதான் மாமா.”

“தெரியாம எண்டு சொல்லியிருந்தா, விசர்ப் பெடியன் எண்டு விட்டிருப்பன். தெரிஞ்சு செய்யிற ஆளை நம்ப ஏலாது. நாளைக்கு என்ர பிள்ளைக்கும் முன்னுக்கு ஒரு முகம், பின்னுக்கு ஒரு முகம் காட்டுவீர். இந்தக் கலியாணம் சரிவராது.”

நிசாந்தின் காது இரண்டும் சிவந்துவிட்டன. எழும்பி ஜக்கெட்டைப் போட்டான். தேனுஜா அழத் தொடங்கினாள்.

குசினிக்குள் இருந்து மனைவி லூர்தம்மா, பொரித்த ரோல்ஸ் தட்டோடு ஓடிவந்தாள்.

“இஞ்சாருங்கோ, ஒரு கமராவுக்காகப் பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுக்கிறியளோ?”

“நீ கதையாதை. பொய்ப் பேரோட இருக்கிற ஒண்டும் என்ர வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. இந்தப் பெட்டியும் வெளியில, கொண்டு வந்தவரும் வெளியில.”

லூர்தம்மா கலியாணம் கட்டின நாளிலிருந்து புருசனை ‘இஞ்சாருங்கோ’ என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. ரோல்ஸ் தட்டை மேசையில் வைத்துவிட்டு, அவர் முகத்தை நேரே பார்த்தாள்.

“அப்ப நீங்களும் வெளிக்கிடுங்கோ, சவிரிமுத்து.”

தேனுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

“அம்மா, அப்ப என்ர பேருக்குப் பின்னால நிக்கிற யோகலிங்கம் ஆர்?”

“ஆருக்குத் தெரியும்? வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரன் குடுத்த பாஸ்போட்டில இருந்த ஆரோ ஒரு ஆள். உன்ர கொப்பர் அதிலதான் ஜேர்மனிக்கு வந்து இறங்கினவர். விசாவும் அந்தப் பேருக்கே கிடைச்சிட்டுது. பிறகு ஆர் மாத்தினது?”

நிசாந் சிரிப்பை அடக்கமுடியாமல் ஒரு ரோல்ஸை எடுத்து வாய்க்குள் திணித்தான்.

“அது வேற, இது வேற,” என்றார் கிழவர். “அந்தப் பேருக்கு நான் ஒழுங்கா வேலை செய்து வரி கட்டினனான். இந்தப் பெட்டி என்ன செய்தது?”

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கதவைத் திறந்து, படியில் இறங்கிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் கத்தினார்.

“கலியாணத்தை வையுங்கோ. படத்தை மட்டும் வேற கமராவில எடுங்கோ!”