சீராக வந்த கார்

"சம்பந்தி குடுத்த காரு லட்சணத்த வந்து பாருடி, கங்கம்மா!"

மகனுக்குக் கல்யாணமான மறுநாள் காலையிலேயே தாயாரம்மாள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுவிட்டாள்.

வாசலில் பழைய மோரிஸ் கார் நின்றது. தாயாரம்மாள் அதன் கதவைத் திறந்து உள்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள்.

"ஊட்டுலயே வெச்சி பெயிண்ட் அடிச்சிக்கிறானுங்க. பிரஷ் முடி கூட ஒட்டிக்கினு கீது பாரு. அடிச்சவன் குருடனா, குடிகாரனா?"

புது மருமகள் செங்கம்மாள் தலைகுனிந்து நின்றாள்.

"இன்னாடி, வாயத் தொறக்க மாட்டியா? கம்பெனில போர்மேனா இருக்கற என் புள்ளைக்கு இந்த ஓட்டை வண்டியா? உங்கப்பனுக்கு வெக்கமா இல்ல?"

"அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க அத்தே" என்றவள் அழுதுவிட்டாள்.

"சொன்னா இன்னா? பிச்சைக்காரக் குடும்பம்!"

சத்தம் கேட்டு மகன் துலுக்காணம் வெளியே வந்தான். அழுதுகொண்டிருந்த மனைவியைப் பார்த்தான்.

"அந்தப் பெயிண்ட நான்தாம்மா அடிச்சேன்."

"அவங்க காருக்கு நீ ஏண்டா அடிச்சே?"

"அவங்க காரு இல்ல. சோழவரத்துல நான் வாங்கினது. ஓவர்டைம்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டு, நாலு ஞாயித்துக்கிழமை மாமனாரு ஊட்டுல குந்திக்கினு வேலை பாத்தேன். காரு இல்லன்னா கல்யாணமே வேணான்னு நீதான ஒத்தக்கால்ல நின்னே?"

கங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சீரு கேட்டது நீ. குடுத்தது உன் புள்ள" என்றான் துலுக்காணம்.